வளரும் சந்தைகளில் நம்பிக்கையே முதல்

அயல்நாட்டில் தொழில் தொடங்கச் செல்பவர்களுக்கான கையேடுகள் புத்தகக் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. சீனாவில் முகவரி அட்டையை இரு கைகளாலும் நீட்ட வேண்டும். அரபு நாடுகளில் இடக்கையால் எதையும் கொடுக்கலாகாது. இந்தோனேசியாவில் பலர் முன்னிலையில் ஊழியரைக் கடிந்து பேசக் கூடாது என்றெல்லாம் அவை அறிவுரை கூறுகின்றன. இவை தேவையற்றவை என்று சொல்ல மாட்டேன். ஆனால், முகவரி அட்டையை ஒரு கையால் நீட்டியதற்காக நொடித்துப்போன நிறுவனம் ஒன்றைக்கூட நான் படித்த வணிக வரலாறுகளில் கண்டதில்லை. பெரும் பொருளும் பேரறிவும் கொண்ட நிறுவனங்கள் வளரும் நாடுகளில் தோற்றதற்கான காரணங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன.

இதைப் பேசுவதற்கு இன்று ஒரு தனிக் காரணம் உண்டு. அந்நிய நிறுவனங்கள் நம் நாட்டுக்கு வருவதைப் பற்றியே முப்பது ஆண்டுகளாக விவாதித்து வந்தோம். இப்போது நம் நிறுவனங்கள் ஆப்பிரிக்காவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் செல்கின்றன. ஒசூரில் தயாராகும் இருசக்கர வாகனம் கிழக்கு ஆப்பிரிக்கச் சாலைகளில் ஓடுகிறது. நான் கற்பித்த மாணவர்களில் சிலர் நைரோபியிலும் ஜகார்த்தாவிலும் மேலாளர்களாகப் பணிபுரிகின்றனர். 'நாமும் வளரும் நாட்டிலிருந்து வந்தவர்கள்தாமே, இவர்களை நமக்குத் தெரியாதா?' என்ற நினைப்பு அவர்களிடம் எளிதில் தோன்றிவிடுகிறது. மேலைநாட்டவரின் அறியாமையைவிட ஆபத்தானது அந்த நினைப்பு.

சொல் பிறந்த விதம்

'வளரும் சந்தைகள்' என்ற சொற்றொடரை 1981-ஆம் ஆண்டு உருவாக்கியவர் ஆன்டாய்ன் வான் அக்ட்மேல். உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகத்தில் அவர் அப்போது பணியாற்றினார். வளரும் நாடுகளின் பங்குகளில் முதலீடு செய்வதற்கான நிதியம் ஒன்றை அமைக்க முயன்றபோது, அதற்கு 'மூன்றாம் உலகம்' என்ற அடைமொழியைச் சூட்டினால் முதலீட்டாளர்கள் முகம் சுளிப்பார்கள் என்பதை உணர்ந்தார். நம்பிக்கை தொனிக்கும் ஒரு பெயர் தேவைப்பட்டது. இவ்வாறு முதலீட்டைக் கவர்வதற்காகப் பிறந்த பெயர், நாளடைவில் பொருளாதாரக் கலைச்சொல்லாகவே நிலைபெற்றுவிட்டது.

இந்தப் பெயரில் ஒரு குறை உண்டு. பிரேசிலையும் நைஜீரியாவையும் இந்தோனேசியாவையும் இந்தியாவையும் அது ஒரே பையில் போட்டுவிடுகிறது. எனவே, பயனுள்ள வரையறை ஒன்று வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் தருண் கன்னாவும் கிருஷ்ண பலேபுவும் 1997-இல் முன்வைத்த கருத்து இவ்வகையில் உதவுகிறது. வாங்குபவரையும் விற்பவரையும் இணைக்கும் அமைப்புகள் வளர்ந்த நாடுகளில் நிறைந்திருக்கின்றன: கடன் தகுதியை மதிப்பிடும் நிறுவனங்கள், தரச்சான்று அமைப்புகள், விரைந்து தீர்ப்பளிக்கும் நீதிமன்றங்கள், நம்பத்தக்க தணிக்கையாளர்கள். வளரும் நாடுகளில் இவற்றுள் பல இல்லை. இருந்தாலும் வலுவாக இல்லை. இதை அவர்கள் 'நிறுவன வெற்றிடம்' என்றனர்.

வெற்றிடம் வெற்றிடமாகவே இருப்பதில்லை. வங்கி இல்லாத ஊரில் சீட்டு நடக்கிறது. நீதிமன்றம் தொலைவில் இருந்தால் பஞ்சாயத்து கூடுகிறது. தரச்சான்று இல்லாத இடத்தில் தெரிந்தவரின் கடையே தரச்சான்றாகிறது. சட்டமும் நிறுவனமும் செய்யாத வேலையைச் செய்வதற்காக ஒரு சமூகம் காலங்காலமாகத் தனக்கென உருவாக்கிக்கொண்ட ஏற்பாடுகளையே வணிகத்தைப் பொறுத்தவரை பண்பாடு என்று நான் கொள்கிறேன்.

பண்பாட்டை எண்களால் அளக்க முயன்றவர்களும் உண்டு. நெதர்லாந்து அறிஞர் ஹீர்ட் ஹோஃப்ஸ்டெட், ஐ.பி.எம். நிறுவனத்தின் பல நாட்டு ஊழியர்களிடம் 1967 முதல் 1973 வரை திரட்டப்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்களை ஆராய்ந்தார். அதிகார இடைவெளி, தனிமனிதச் சார்பு போன்ற அளவுகோல்களை வகுத்து 1980-இல் நூலாக வெளியிட்டார். மேலாண்மைக் கல்வியில் இன்றும் அது பாடம். எனினும், ஒரு நாட்டின் சராசரி மதிப்பெண், அந்நாட்டின் ஒரு நகரத்துக் கடைக்காரர் ஏன் கடனுக்குச் சரக்குக் கொடுக்கிறார், ஏன் மறுக்கிறார் என்பதை விளக்காது. அதற்கு மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும். இங்கே வருமானம் எந்த அளவில், எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது? முன்பின் அறியாதவரை மக்கள் எதைக் கொண்டு நம்புகின்றனர்? நாம் ஈட்டும் லாபத்தை இந்த ஊர் நியாயமானது என்று ஏற்கிறதா?

வருமானம் வரும் விதம்

முதல் கேள்விக்கான பாடம் நம் வீட்டுச் சமையலறையிலும் குளியலறையிலும் இருக்கிறது. தாராளமயத்துக்குப் பிறகு, 1994-இல் கெலாக்ஸ் நிறுவனம் இந்தியாவுக்கு வந்தது. நடுத்தர வகுப்பின் எண்ணிக்கையைப் பெருக்கிப் பார்த்தால் சந்தை கடலாகத் தெரிந்திருக்கும். ஆனால், இந்தியக் குடும்பங்களுக்குக் காலை உணவு என்பது சூடானது. உப்பும் காரமும் கலந்தது. பாலையும் காய்ச்சிச் சூடாகவே குடிப்பார்கள். சூடான பாலில் கார்ன் ஃபிளேக்ஸ் நொடியில் நமத்துப்போயிற்று. புதுமைக்காக ஒருமுறை வாங்கியவர்கள் அன்றாடப் பழக்கமாக அதைக் கொள்ளவில்லை. இந்தியர் நாவுக்கேற்ற இனிப்பும் சாக்லேட்டும் சேர்த்து, குழந்தைகளுக்கான உணவாக முன்னிறுத்திய பிறகே அந்நிறுவனம் மெல்ல வேரூன்றியது.

சுவை என்பது மேலே தெரியும் வேறுபாடு. வருமானம் வரும் விதம் அதற்கடியில் இருப்பது. ஷாம்பு என்றால் பெரிய புட்டி என்று பன்னாட்டு நிறுவனங்கள் எண்ணியிருந்த காலத்தில், கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் அதைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் வழியைக் காட்டினார். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலீட்டில் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். பின்னர் 50 பைசாவுக்கும் ஒரு பாக்கெட் கிடைத்தது. பெரிய நிறுவனங்களும் அதே வழிக்கு வந்தன.

ஏழைகள் மலிவானதை விரும்புகிறார்கள் என்று இதற்கு விளக்கம் தருவது போதாது. கூலித் தொழிலாளிக்கு வருமானம் நாள்தோறும் கையில் வருகிறது, நாள்தோறும் செலவாகிறது. மாதச் சம்பளக்காரருக்கென வகுத்த புட்டியின் விலை அவருடைய ஒருநாள் கூலியில் பெரும் பங்கை விழுங்கிவிடும். மொத்தத்தில் எது ஆதாயம் என்ற கணக்கு அவருக்கும் தெரியும். ஆனால், முன்கூட்டியே செலவிடக் கையிருப்பு இல்லை. பாக்கெட் அவருடைய பணப்புழக்கத்துக்குப் பொருந்திய அளவு. கோவையில் பிறந்த மேலாண்மை அறிஞர் சி.கே. பிரகலாத், அடித்தட்டு மக்களையும் மதிப்புமிக்க வாடிக்கையாளர்களாகக் கருத வேண்டும் என்று 2004-இல் தம் நூலில் வாதிட்டபோது, சிறு பாக்கெட்டையும் ஒரு சான்றாகக் காட்டினார். பாக்கெட்டுகள் இன்று சாக்கடைகளை அடைப்பதும் உண்மையே. ஒரு வெற்றிகரமான ஏற்பாடு தன் செலவைப் பொதுவெளியில் தள்ளிவிடலாம் என்பதையும் அதிலிருந்து கற்க வேண்டும்.

முன்பின் அறியாதவரை நம்புதல்

இரண்டாவது கேள்வி நம்பிக்கை பற்றியது. பொருளின் தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்ற நிலையில் சந்தையே சிதைந்துபோகலாம் என்று ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் எழுதிய கட்டுரை காட்டியது. பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்ட அந்தக் கட்டுரையில், இந்தியாவின் உள்ளூர் வட்டிக்காரர் குறித்த பகுதியும் உண்டு. கடன் வாங்குபவரை நேரில் அறிந்தவருக்கு இருக்கும் வலிமை வெளியாருக்கு இல்லை என்பது அதன் சாரம். இந்தக் கட்டுரைக்கு முதன்மை இடம் தந்தே 2001-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இந்தக் கோட்பாடு சீனாவில் கோடிக்கணக்கான டாலர் மதிப்புள்ள பாடமாயிற்று. அமெரிக்காவின் ஈபே நிறுவனம், ஈச்நெட் என்ற சீன இணைய ஏல நிறுவனத்தை 2003-இல் முழுமையாக வாங்கியது. அப்போது அந்தச் சந்தையில் அதுவே முதலிடத்தில் இருந்தது. அதே ஆண்டில் அலிபாபா நிறுவனம் தாவ்பாவ் என்ற தளத்தைத் தொடங்கியது. விற்பவர்களிடம் கட்டணம் வாங்காதது தாவ்பாவுக்கு உதவியது. அதைவிட முக்கியமானவை இரண்டு ஏற்பாடுகள். ஒன்று, வாங்குபவரும் விற்பவரும் நேரடியாக உரையாடும் வசதி. மற்றொன்று, அலிபே. வாங்குபவர் கட்டும் பணத்தை இடையில் நிறுத்தி வைத்து, பொருள் வந்து சேர்ந்து அவர் நிறைவடைந்த பிறகே விற்பவருக்கு விடுவிக்கும் முறை அது.

ஈபேயின் பார்வையில் நேரடி உரையாடல் ஆபத்தானது. இருவரும் தளத்துக்கு வெளியே பேரம் முடித்துக்கொண்டால் நிறுவனத்துக்குக் கட்டணம் கிடைக்காது. அமெரிக்காவில் அந்த அச்சம் நியாயமானதே. அங்கே கடன் அட்டை நிறுவனம், நுகர்வோர் சட்டம், நீதிமன்றம் எல்லாம் வாங்குபவருக்குப் பின்னால் நிற்கின்றன. சீனாவில் அன்று அவை வலுவாக இல்லை. விற்பவரிடம் நாலு வார்த்தை பேசி, விலை குறைத்துக் கேட்டு, அவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்று பார்த்தே ஒருவர் அவரை எடைபோட முடியும். அந்த உரையாடலைத் தடுத்தது கடைக்காரரின் வாயைக் கட்டிவிட்டுக் கடையைத் திறந்ததற்குச் சமம். 2006 டிசம்பரில் ஈபே தன் சீனத் தளத்தை மூடும் முடிவை அறிவித்து, உள்ளூர் நிறுவனமொன்றுடன் கூட்டு முயற்சியில் ஒதுங்கிக்கொண்டது.

'குவான்ஷி' எனப்படும் உறவுப் பிணைப்பே சீன வணிகத்தின் அடிப்படை என்று கையேடுகள் எழுதுகின்றன. சொல்லப்போனால், கோடிக்கணக்கான சீனர்கள் முன்பின் அறியாதவர்களிடம் பொருள் வாங்கத் தொடங்கியது அலிபே வந்த பிறகுதான். பண்பாடு மாறாத பாறையன்று. வெற்றிடத்தை நிரப்ப மேலான ஏற்பாடு ஒன்று கிடைத்தால் மக்கள் அதை விரைவில் ஏற்றுக்கொள்கின்றனர்.

கென்யாவின் எம்-பெசாவும் இதையே காட்டுகிறது. சுவாஹிலி மொழியில் 'பெசா' என்றால் பணம். பிரிட்டிஷ் அரசின் வளர்ச்சி உதவித் துறை அளித்த நிதியின் துணையோடு, வோடஃபோனும் சஃபாரிகாமும் 2005-இல் இதன் சோதனை ஓட்டத்தைத் தொடங்கின. சிறுகடன் பெற்றவர்கள் தவணையைக் கைப்பேசி வழியே செலுத்துவதுதான் முதல் நோக்கம். ஆனால், சோதனையில் பங்கேற்றவர்கள் அதைத் தங்களுக்குள் ஒருவருக்கொருவர் பணம் அனுப்பப் பயன்படுத்தினர். நைரோபியில் உழைத்து ஊரில் குடும்பத்தைக் காப்பவர்கள், அதுவரை பேருந்து ஓட்டுநரிடமோ ஊருக்குச் செல்லும் உறவினரிடமோ பணத்தைக் கொடுத்தனுப்பி வந்தனர். நிறுவனம் தன் திட்டத்தைக் கைவிட்டு மக்களின் பயன்பாட்டைப் பின்பற்றியது. 2007 மார்ச்சில் 'வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள்' என்ற ஒரே வாக்குறுதியோடு எம்-பெசா நாடு முழுவதும் அறிமுகமானது.

பணத்தைப் பெறும் இடம் வங்கிக் கிளையன்று; ரீசார்ஜ் விற்கும் தெருமுனைக் கடை. கடைக்காரர் ஊரறிந்தவர். பணம் போட்டவுடன் குறுஞ்செய்தி வரும். வாடிக்கையாளர்களின் மொத்தப் பணமும் வணிக வங்கிகளில் அறக்கட்டளைக் கணக்கில் தனியே வைக்கப்பட்டது. கென்ய மத்திய வங்கியும் முன்கூட்டியே தடைபோடாமல், கண்காணிப்போடு இடமளித்தது. பழகிய முகம், உடனடிச் சான்று, பாதுகாக்கப்பட்ட இருப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே நம்பிக்கையை உருவாக்கின.

வேறு நாட்டில் செல்லாத வெற்றி

இவ்வளவு வெற்றி பெற்ற எம்-பெசா, 2010-இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கப்பட்டு 2016-இல் மூடப்பட்டது. இந்தியாவில் 2013-இல் பரவலாக்கப்பட்டு 2019-இல் முடிவுக்கு வந்தது. தென்னாப்பிரிக்காவில் வங்கிக் கணக்கு வைத்திருந்தோரின் விகிதம் கென்யாவைவிட மிக அதிகம். பணம் அனுப்ப வேறு வழிகள் இருந்தன. கென்யாவில் சஃபாரிகாமுக்கு இருந்த தனிப்பெரும் செல்வாக்கும் அங்கே கூட்டாளி நிறுவனத்துக்கு வாய்க்கவில்லை. இந்தியாவில் வங்கிகளை முன்னிறுத்திய விதிமுறைகள் வேறு. 2016-க்குப் பின் யு.பி.ஐ. வந்ததும் களமே மாறிவிட்டது. கென்யாவில் எம்-பெசா நிரப்பிய வெற்றிடம் இவ்விரு நாடுகளிலும் அதே வடிவில் இல்லை.

இந்திய நிறுவனங்களுக்கான பாடம் ஏர்டெல்லின் ஆப்பிரிக்கப் பயணத்தில் இருக்கிறது. 2010-இல் பார்தி ஏர்டெல், ஜெயின் நிறுவனத்தின் 15 ஆப்பிரிக்க நாட்டுத் தொலைத்தொடர்புத் தொழிலை 1,070 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. கட்டணத்தைக் குறை, பேசும் நிமிடங்களைப் பெருக்கு, கட்டமைப்புப் பராமரிப்பை வெளியாரிடம் ஒப்படை என்பதே இந்தியாவில் அது வென்ற வழி. ஆப்பிரிக்காவிலும் அது பலிக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. 'இந்தியாவைப் போன்ற சந்தை' என்ற எண்ணம் அதன் அடியில் இருந்தது.

ஆனால், இந்தியா நூறு கோடிக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட ஒரே சந்தை. அந்த 15 நாடுகளோ 15 ஒழுங்குமுறை ஆணையங்கள், பல நாணயங்கள், ஆங்கிலம், பிரெஞ்சு என்று வேறுபட்ட ஆட்சி மொழிகள். மக்கள் பரந்து சிதறி வாழும் நிலப்பரப்பு. டீசல் ஜெனரேட்டரை நம்பி நிற்கும் கோபுரங்கள். கட்டணத்தைக் குறைத்தும், பேசும் நிமிடங்கள் இந்தியாவைப் போலப் பெருகவில்லை. ஆண்டுக்கணக்கில் நட்டம் தொடர்ந்தது. 2016-இல் பர்கினா பாசோ, சியரா லியோன் ஆகிய இரு நாட்டுத் தொழில்களை அது விற்றது. பிறகு ஒவ்வொரு நாட்டையும் தனித்தனியே அணுகி, கைப்பேசிவழிப் பணப் பரிமாற்றத்திலும் வேரூன்றி, 2019-இல் ஏர்டெல் ஆப்பிரிக்கா லண்டன் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. தாக்குப்பிடிக்கும் முதலும் பொறுமையும் இருந்ததால் அது மீண்டது. சிறு நிறுவனத்துக்கு அந்த வாய்ப்பு கிட்டியிருக்காது.

மாறாக, இருசக்கர வாகனத் துறை தொடக்கத்திலேயே சரியான கேள்வியைக் கேட்டது. உகாண்டாவிலும் கென்யாவிலும் வாடகை மோட்டார் சைக்கிளுக்குப் 'போடா போடா' என்று பெயர். தமிழ்க் காதுக்கு வசவாக ஒலித்தாலும், எல்லையிலிருந்து எல்லைக்கு ஆள் ஏற்றிச் சென்றதால் வந்த ஆங்கிலச் சொல்லின் மரூஉ அது. பஜாஜின் பாக்ஸர், டி.வி.எஸ்.ஸின் எச்.எல்.எக்ஸ். ஆகியவை அங்கே வேரூன்றின. இந்தியாவில் அலுவலகம் செல்பவரின் வண்டியாக இருப்பது, அங்கே ஒரு குடும்பத்தின் பிழைப்புக் கருவி. ஆகவே, நீண்ட இருக்கை, சுமை தாங்கும் சட்டகம், எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும் உதிரிபாகம், பழுது நீக்கத் தெரிந்த உள்ளூர் மெக்கானிக் ஆகியவையே விற்பனையைத் தீர்மானிக்கின்றன. வண்டி ஒருநாள் நின்றால் அன்று அடுப்பெரியாது என்பதை உணர்ந்தவரே அங்கு வண்டி விற்க முடியும்.

பர்மா தரும் எச்சரிக்கை

மூன்றாவது கேள்வி, லாபம் நியாயமானதாகக் கருதப்படுகிறதா என்பது. இதற்குத் தமிழர்களாகிய நம்மிடமே ஒரு வரலாறு இருக்கிறது.

1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட பின்னர், கீழ் பர்மாவின் ஐராவதி வடிநிலம் உலகின் நெற்களஞ்சியமாக வளர்ந்தது. காட்டைத் திருத்திக் கழனியாக்கப் பர்மிய உழவருக்குக் கடன் தேவைப்பட்டது. ஆங்கிலேய வங்கிகள் கிராமங்களுக்குள் செல்லவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பியவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். அவர்களுடைய ஏற்பாடு வியப்புக்குரியது. மூன்றாண்டுத் தவணையில் கடல் கடந்து செல்லும் மேலாட்கள், துல்லியமான கணக்கு, ஊர் விட்டு ஊர் செல்லுபடியாகும் உண்டியல், சமூகத்தினர் கூடி நிர்ணயிக்கும் நடப்பு வட்டி, கோயிலை மையமாகக் கொண்ட நம்பிக்கை என்று நீதிமன்றத்தின் துணையின்றியே தங்களுக்குள் பெருந்தொகைகளைப் பரிமாறிக்கொண்டனர். ஒரு பன்னாட்டு வங்கிக்குரிய ஒழுங்கு அதில் இருந்தது.

அந்த நம்பிக்கை வலை சமூகத்துக்குள் நிறைவாக இயங்கியது. பர்மிய உழவருக்கோ அதில் கடன்தாரர் என்பதைத் தவிர வேறு இடமில்லை. 1930-இல் உலகப் பெருமந்தத்தால் நெல் விலை சரிந்தபோது கடன்கள் வராக்கடன்களாயின. ஈடாக வைத்த நிலங்கள் கைமாறின. முப்பதுகளின் இறுதியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் நகரத்தார் வசம் வந்துவிட்டது. அவர்கள் நிலத்தைத் தேடிச் சென்றவர்கள் அல்லர். பணமாகப் புரட்டவே விரும்பியவர்கள். நிலம் முடங்கிய முதலாகவே அவர்களுக்குத் தெரிந்தது. பர்மியரின் கண்ணுக்கோ மண்ணைப் பறித்தவர்களாகத் தெரிந்தனர். 1930-லும் 1938-லும் இந்தியருக்கு எதிரான கலவரங்கள் மூண்டன. விடுதலைக்குப் பின் 1948-இல் நில தேசியமயச் சட்டம் வந்தது. அறுபதுகளில் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாகி, தமிழர்கள் கூட்டங்கூட்டமாகத் தாயகம் திரும்பினர். அவர்களுக்காக உருவான சென்னை பர்மா பஜார் இன்றும் இருக்கிறது.

நகரத்தாரைக் குறைகூறுவதற்காக இதை நான் எழுதவில்லை. விலைச் சரிவை அவர்கள் உண்டாக்கவில்லை. ஈட்டு நிலத்தை எடுப்பது அன்றைய சட்டப்படி சரியே. ஆயினும், சட்டம் ஏற்பது வேறு, ஊர் ஏற்பது வேறு. விலை சரியும் காலத்தில் இழப்பை யார் சுமப்பது என்பதற்கான உடன்பாடு இல்லாத இடத்தில், நன்கு எழுதப்பட்ட அடமானப் பத்திரமும் நெடுநாள் நிற்பதில்லை.

வழக்கமும் வரம்பும்

உள்ளூர் வழக்கத்தை மதிக்க வேண்டும் என்பதற்கு ஒரு வரம்பும் உண்டு. லஞ்சத்தை 'இந்த ஊர்ப் பண்பாடு' என்று சொல்லி நியாயப்படுத்துவோர் இருக்கின்றனர். ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம், பல நாடுகளில் ஒப்பந்தங்களுக்காகக் கையூட்டு வழங்கிய வழக்குகளில் 2008-இல் அமெரிக்க, ஜெர்மானிய அரசுகளுக்கு ஏறத்தாழ 160 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது. லஞ்சம் எந்த நாட்டின் பண்பாடும் அன்று. அந்த நாட்டின் சட்டமே அதைத் தடைசெய்திருக்கும். அந்நாட்டு மக்களே அதனால் பாதிக்கப்படுகின்றனர். விருந்தாளிக்குத் தரும் பழக்கூடையும் அதிகாரிக்குத் தரும் உறையும் வேறு என்பது எல்லா ஊராருக்கும் தெரியும். ஊரறியக் கொடுக்க முடிந்தால் அது அன்பளிப்பு. மறைக்க வேண்டியிருந்தால் லஞ்சம்.

இந்தியா 2011-இல் ஐ.நா. ஊழல் தடுப்பு உடன்படிக்கையை ஏற்றது. வெளிநாட்டு அதிகாரிகளுக்குக் கையூட்டு வழங்குவதைத் தடுக்கும் மசோதா ஒன்றும் அதே ஆண்டில் நாடாளுமன்றத்தில் அறிமுகமாகி, நிறைவேறாமலே காலாவதியானது. நம் நிறுவனங்கள் கடல் கடக்கும் காலத்தில் இந்த இடைவெளியை அடைப்பது அரசின் கடமை.

மறுபுறம், வழக்கம் என்று எளிதாக ஒதுக்கிவிட முடியாதவையும் உண்டு. 2001-இல் இந்தோனேசியாவில் அஜினோமோட்டோ சிக்கலில் மாட்டியது. சுவையூட்டியைத் தயாரிக்க உதவும் நுண்ணுயிர்களுக்கான ஊட்டப் பொருளில், பன்றியிலிருந்து பெறப்பட்ட நொதி பயன்பட்டது தெரியவந்தது. இறுதிப் பொருளில் அதன் சுவடு இல்லை என்ற விளக்கம் எடுபடவில்லை. சந்தையில் இருந்த சரக்கை நிறுவனம் திரும்பப் பெற்றது, அலுவலர்கள் தடுத்துவைக்கப்பட்டனர். ஆய்வகம் இறுதிப் பொருளைப் பார்த்தது. மக்களோ தயாரிப்பின் வழியைப் பார்த்தனர். நம் நாட்டில் சைவ உணவு உண்பவர், அசைவம் சமைத்த பாத்திரத்தைக் கழுவித் தந்தாலும் ஏற்கத் தயங்குவதை அறிந்த நமக்கு இது விளங்காததன்று. 1996-இல் தில்லியில் கடை திறந்த மெக்டொனால்ட்ஸ், மாட்டிறைச்சியையும் பன்றி இறைச்சியையும் தவிர்த்ததோடு, சைவத்துக்கும் அசைவத்துக்கும் சமையல் பகுதிகளைத் தனித்தனியே அமைத்தது. முதல் கடையைத் திறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே இங்குள்ள உழவர்களோடும் குளிர்பதன நிறுவனங்களோடும் இணைந்து வழங்கல் தொடரை உருவாக்கவும் செய்தது.

செல்பவர்கள் செய்ய வேண்டியவை

அயல்நாட்டுக்குச் செல்லும் நம் தொழில்முனைவோருக்கு என் பரிந்துரைகள் சில. முதலாவதாக, நாட்டின் மக்கள்தொகையை வருமானத்தால் பெருக்கிச் சந்தையை மதிப்பிடாதீர்கள். ஒரு வாரக் காலம் ஒரு தெருக் கடையில் நின்று, யார், எதை, எவ்வளவு, எப்போது, எந்தக் கடனில் வாங்குகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆலோசனை நிறுவனங்களின் அறிக்கை இதற்கு ஈடாகாது.

இரண்டாவதாக, நம் ஊரில் வென்ற திட்டம் எந்தெந்த அமைப்புகளின் மேல் நின்றது என்று பட்டியலிடுங்கள். மின்சாரம், சாலை, அடையாள அட்டை, வங்கி, விதிமுறை, ஒரே நாணயம் என்று நாம் கவனிக்காமலே சார்ந்திருப்பவை பல. அங்கே அவற்றுள் எவை இல்லை என்று பார்த்தால், திட்டத்தின் எந்தப் பகுதி இடியும் என்பது புறப்படும் முன்பே தெரிந்துவிடும்.

மூன்றாவதாக, உள்ளூர்க் கூட்டாளியை உரிமம் வாங்கித் தரும் கையாளாகக் கருதாதீர்கள். முடிவெடுக்கும் மேசையில் அவருக்கு இடம் கொடுங்கள். வாடிக்கையாளர்கள் நம் பொருளை நாம் எண்ணாத வழியில் பயன்படுத்தும்போது, அதை முதலில் காண்பவர் அவராகத்தான் இருப்பார்.

நான்காவதாக, உள்ளூர் மக்கள் வாடிக்கையாளர்களாக மட்டும் இருந்துவிடக் கூடாது. முகவர்களாக, வழங்குநர்களாக, மேலாளர்களாக, பங்குதாரர்களாக அவர்கள் வளர வழி இருக்க வேண்டும். நல்ல காலத்தில் லாபம் நமக்கு, கெட்ட காலத்தில் இழப்பு அவர்களுக்கு என்ற ஒப்பந்தம், எந்த மொழியில் எழுதப்பட்டாலும் ஒருநாள் கிழிக்கப்படும். கடன் கொடுப்பவர், விலை சரிந்தால் தவணையை எப்படித் தள்ளிவைப்பது என்பதைக் கடன் பத்திரத்திலேயே எழுதிவைக்கலாம்.

நம் கல்லூரிகளுக்கும் இதில் பங்குண்டு. வணிகவியல், மேலாண்மைப் பாடத்திட்டங்கள் அமெரிக்க நிறுவனங்களின் கதைகளால் நிறைந்துள்ளன. கென்யாவின் தெருக்கடை, சீனாவின் அலிபே, பர்மாவில் நகரத்தார் நடத்திய கொடுக்கல் வாங்கல் ஆகியவையும் பாடங்களாக வேண்டும். பழைய செட்டிநாட்டுக் கணக்கேடுகள் இன்னும் வீடுகளின் பரண்களில் கிடக்கின்றன. செல்லரிக்கும் முன் அவற்றைத் திரட்டிப் பதிப்பிக்க ஒரு பல்கலைக்கழகம் முன்வந்தாலும் போதும். கடல் கடந்த தமிழ் வணிகம் எங்கே வென்றது, எங்கே சறுக்கியது என்பதை அடுத்து கப்பலேறும் தலைமுறை நம் கணக்கிலிருந்தே படித்துக்கொள்ளும்.